இலச்சினையில் கமரா எதற்கு?

படப்பிடிப்புத் தொழில் தொடங்குகிறவரின் இலச்சினையில் ஒரு கமரா இருந்தே ஆகவேண்டும் என்பது யாழ்ப்பாணத்தில் யாரும் எழுதிவைக்காத சட்டம். கமரா இல்லையென்றால் வில்லையின் துவாரம். அதுவும் இல்லையென்றால், ஓரம் முழுக்க ஓட்டை போட்ட பழைய படச்சுருள். அதற்குக் கீழே பொன்நிறத்தில், சுருள் சுருளான ஆங்கில எழுத்தில் ஒரு பெயர். மருதனார்மடத்தில் நாளைக்கு ஒருவர் ஸ்ரூடியோ திறந்தாலும், தொண்ணூறு வீதம் இதே படம்தான் அச்சகத்திலிருந்து அவர் கைக்கு வரும்.

"பார்த்தவுடன் என்ன தொழில் என்று விளங்கவேண்டும்" என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் காரணம். அச்சகத்தில் கணினிக்கு முன்னால் இருக்கும் பெடியன் அதைச் சொல்கிறான். கடை திறக்கிறவரின் மச்சான் அதைச் சொல்கிறார். யூரியூப்பில் வடிவமைப்புச் சொல்லிக்கொடுக்கிறவரும் அதையே சொல்கிறார். மூன்று பேரும் ஒரே பேச்சுப் பேசினால் புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர் நம்பத்தான் செய்வார். ஆனால் அது பிழையான பேச்சு. என்ன தொழில் என்று சொல்லுவது இலச்சினையின் வேலையே இல்லை.

அந்த வேலையைச் செய்ய வேறு ஆட்கள் இருக்கிறார்கள். கடை வாசலில், கண்ணாடிக்குப் பின்னால் பெரிதாக்கி மாட்டிய மணமக்கள் படம் இருக்கிறது. பலகையில் 'ஸ்ரூடியோ' என்ற சொல் இருக்கிறது. முகநூல் பக்கத்தைத் திறந்தால் சாமத்தியவீட்டுப் படங்களும் பிறந்தநாள் படங்களும் வரிசையாக நிற்கின்றன. இவ்வளவையும் பார்த்தபிறகும் 'இவர் ஒருவேளை தச்சுவேலை செய்கிறவராக இருக்குமோ' என்று யோசிக்கிற வாடிக்கையாளர் வலிகாமத்தில் இல்லை. சித்திரக் குறி பார்த்துக் கடையைக் கண்டுபிடிக்கவேண்டிய தேவை, வாசிக்கத் தெரியாதவர்கள் நிறைந்த பழைய ஐரோப்பியத் தெருக்களுக்கு இருந்தது. மருதனார்மடத்துக்குப் பக்கத்தில் உடுவிலில் 1824 இல் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் வந்துவிட்டது. மருதனார்மடத்திலேயே சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 இல் பெண்களுக்கு ஒரு கல்லூரி கட்டினார். இப்படிப்பட்ட ஊரில், எழுத்தை நம்பாமல் பொம்மையை நம்பு என்று கடைக்காரருக்குப் புத்தி சொல்வது கொஞ்சம் வேடிக்கைதான்.

வாடிக்கையாளர் தெரிந்துகொள்ள விரும்புவது வேறொன்று. கலியாணவீட்டு அல்பத்தைப் புரட்டுகிற மாமி கேட்கும் கேள்வி, "படம் ஆர் எடுத்தது?" என்பதே. அந்தக் கேள்விக்குப் பதில் ஒரு பெயர். பெரும்பாலும் பெயரோடு ஓர் ஊர். "கமரா படம் போட்ட ஆக்கள்" என்று யாரும் பதில் சொல்வதில்லை, சொல்லவும் முடியாது. எல்லோரும் கமரா படம் போட்ட ஆக்கள்தான்.

பெயரும் ஊரும் சேர்ந்து ஒரு கலைஞனின் முத்திரையாகும் வழக்கம் இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. நாதஸ்வரம் என்றால் அளவெட்டி என்.கே. பத்மநாதன்; தவில் என்றால் தட்சணாமூர்த்தி. இணுவில், அளவெட்டி என்ற ஊர்ப் பெயர்கள் கோயில் நோட்டீசில் வந்தாலே மேளம் கேட்கிறவருக்குக் காது நிமிரும். அந்த நோட்டீசில் வித்துவானின் பெயருக்குப் பக்கத்தில் குழல் படம் வரைந்தால் அவருடைய மதிப்பு ஒரு சதமும் கூடப்போவதில்லை. கருவி எல்லோரிடமும் இருக்கிறது. பெயர் அவரிடம் மட்டும் இருக்கிறது.

உலகத்தில் மிகப் புகழ்பெற்ற உருவப்படக் கலைஞர் ஒருவரும் இதையே செய்தார். யூசுப் கார்ஷ், துருக்கியின் மார்டினில் 1908 இல் பிறந்த ஆர்மீனியர். இனப்படுகொலைக்குத் தப்பி ஓடிய குடும்பத்துப் பிள்ளை. பதின்ம வயதில் கனடாவுக்கு வந்து, 1930களின் தொடக்கத்தில் ஒட்டாவாவில் ஸ்ரூடியோ திறந்தார். 1941 டிசம்பரில் சேர்ச்சிலின் வாயிலிருந்து சுருட்டைப் பிடுங்கிவிட்டு எடுத்த படம் அவரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு அவர் எந்தச் சின்னத்தையும் தேடவில்லை. 'ஒட்டாவா கார்ஷ்' என்பதே அவருடைய முத்திரை. ஒட்டாவா அப்போது படக்கலைக்குப் பெயர்போன நகரம் இல்லை. ஒரு மனிதனின் பெயரோடு சேர்ந்து அப்படி ஆனது. அளவெட்டிக்கும் அதுதான் நடந்தது. மருதனார்மடத்துக்கு நடக்கக்கூடாது என்று விதி ஒன்றும் இல்லை.

சரி, தனிமனிதர்களை விடுவோம். கமராவையே செய்து விற்கிற கொம்பனிகளாவது தங்கள் இலச்சினையில் கமரா வரைகின்றனவா? லைக்காவுக்கு ஒரு சிவப்பு வட்டம், அதற்குள் பெயர். நிக்கொனுக்கு மஞ்சள் பின்னணியில் பெயர். கொடாக், ஜோர்ஜ் ஈஸ்ற்மன் 1888 இல் பதிவுசெய்த, எந்த மொழியிலும் அர்த்தம் இல்லாத, அவரே உண்டாக்கிய ஒரு பெயர். 1907 அளவில் கொம்பனியின் முதலெழுத்துகளை ஒரு வட்டத்துக்குள் வைத்தார்கள். பிறகு மஞ்சளும் சிவப்பும் வந்தன. 1971 இல் ஒரு பெரிய முதலெழுத்து வந்தது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட இந்தப் பயணத்தில் தாங்கள் விற்ற கமராவை இலச்சினையாக வரைய அவர்கள் நினைக்கவில்லை. 1947 இல் கார்ட்டியே பிரெசோன், றொபேட் கப்பா முதலியோர் தொடங்கிய மாக்னம் கூட்டுறவும் வெறும் பெயரோடுதான் நிற்கிறது.

இவற்றில் கனொனின் கதை கொஞ்சம் நின்று பார்க்கவேண்டியது. 1934 இல் ரோக்கியோவில் ஒரு சிறிய பட்டறையில் அவர்கள் செய்த முதல் மாதிரிக் கமராவுக்கு 'குவனொன்' என்று பெயர். அவலோகிதேசுவரரின் யப்பானிய வடிவமான கருணைத் தெய்வத்தின் பெயர் அது. வில்லைக்குக்கூடப் புத்தரின் சீடர் காசியபரின் பெயரை வைத்தார்கள். அன்றைய இலச்சினையில் ஆயிரம் கைகளோடு அந்தத் தெய்வம் அமர்ந்திருக்கும்; சுற்றிவரத் தீச்சுவாலை; பெயரின் எழுத்துகளும் சுவாலைபோலவே நெளியும். பார்க்க வடிவான வேலை. ஆனால் 1935 இல் கமராவை ஊர் உலகத்துக்கு விற்கவேண்டிய நேரம் வந்தபோது தெய்வத்தையும் தீயையும் எடுத்துவிட்டு, பெயரையும் சுருக்கி, 'கனொன்' என்ற எழுத்தை மட்டும் பதிவுசெய்தார்கள். அந்த எழுத்தை மெல்ல மெல்லச் சீர்செய்து, 1956 இல் வந்து நின்ற வடிவம்தான் இன்று கலியாணவீட்டுக்கு வரும் படப்பிடிப்பாளரின் தோள் பட்டியில் இருப்பது. ஒரு கமராவின் முகப்பில், பெருவிரல் அகலத்துக்குள், ஆயிரம் கைகள் வெறும் கறையாகத்தான் தெரியும். காங்கேசன்துறை வீதியில் போகிறவர்கள் மருதனார்மடத்து ஆஞ்சநேயரை அடையாளம் காண்பது அவர் வானத்தைத் தொட நிற்பதால். அவரையே ஒரு வட்ஸ்அப் வட்டத்துக்குள் அடக்கினால் வால் எது, கதை எது என்று தெரியாது.

இன்ஸ்ரகிராமைக் காட்டி மறுப்பவர்கள் உண்டு. அதன் சின்னம் கமராதானே என்பார்கள். ஆம், கமராதான். ஆனால் அது கைபேசியின் திரையில் பெயருக்கு இடமே இல்லாமல், இருபது சின்னங்களுக்கு நடுவே விரலால் தொடவேண்டிய ஒரு பொத்தான். அப்படியிருந்தும் 2010 இல் தொடங்கியபோது இருந்த பழைய உடனடிக் கமராவின் தோல், கண்ணாடி, வானவில் கோடு எல்லாவற்றையும் 2016 இல் கழற்றி எறிந்துவிட்டு, ஒரு சதுரம், ஒரு வட்டம், ஒரு புள்ளி என்ற அளவுக்கு இறங்கிவிட்டார்கள். அன்று உலகமே திட்டித் தீர்த்தது; இன்று பழையதை யாருக்கும் நினைவில்லை. கோடிக்கணக்கானவர்களின் கைபேசியில் ஏற்கெனவே ஒரு கமரா உட்கார்ந்துவிட்டபிறகு, உள்ளூர் ஸ்ரூடியோ அதே கமராவை வரைந்தால் அது இன்ஸ்ரகிராமுக்குச் செய்யும் இலவச விளம்பரம்.

தொழிலை வரையாமல் தொழிலைச் சொன்ன உதாரணங்களுக்குத் தூரதேசம் போகவும் தேவையில்லை. இலங்கைத் தேயிலைச் சபையின் இலச்சினையில் தேயிலைக் கொழுந்து இல்லை, வாளேந்திய சிங்கம் இருக்கிறது. இங்கேயே பொதிசெய்த கலப்பில்லாத இலங்கைத் தேயிலைக்கு மட்டும்தான் அந்தச் சிங்கம். உலகச் சந்தையில் தேயிலை வாங்குகிறவர்களுக்கு அது போதுமாக இருக்கிறது. ஆனந்த விகடனின் அடையாளம் குடுமி வைத்த தாத்தா. பேனாவும் இல்லை, மைக்கூடும் இல்லை. யாழ்ப்பாணத்தில் 1959 இல் தொடங்கிய 'ஈழநாடு', 1985 இல் வந்த 'உதயன்' என்ற பத்திரிகைகளை வாசகர் கடையில் தூரத்திலிருந்தே இனங்கண்டது தலைப்பு எழுத்தின் வடிவத்தால். 'மில்க்வைற்' என்ற பெயரைச் சொன்னால் ஒரு தலைமுறைக்கு இன்றும் சவர்க்காரம் மணக்கும்.

கமரா படம் புதுமையானது என்று நினைக்கிறவர்களுக்கு இன்னொரு செய்தி. அது நூற்றைம்பது வருடப் பழசு. பிரான்சில் டிஸ்டேரி என்பவர் 1854 இல் காப்புரிமை பெற்ற சிறிய அட்டைப் படங்கள் உலகம் முழுக்கப் பரவிய காலத்தில், அட்டையின் பின்பக்கம் முழுக்கச் சித்திரம் அச்சடிப்பது வழக்கமானது. சூரியக் கதிர், வண்ணத் தட்டு, பதக்கங்கள், முக்காலியில் வைத்த கமராவைச் சிறகு முளைத்த குழந்தை இயக்குவதுபோன்ற காட்சிகள். இவற்றைப் பெரும்பாலும் படப்பிடிப்பாளர்கள் வரைவிக்கவில்லை. அட்டை செய்து விற்ற வியாபாரிகள் மொத்தமாக அச்சடித்து, பெயருக்கு மட்டும் இடம் விட்டு, ஊர் ஊராக விற்றார்கள். அதனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நகரங்களின் ஸ்ரூடியோக்களுக்கு ஒரே சித்திரம் இருந்தது. இன்று சேகரிப்பாளர் ஒருவர் அந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தால் சிறகுக் குழந்தையை விட்டுவிட்டுப் பெயரையும் தெருவையும்தான் வாசிக்கிறார். கொழும்பில் 1890 இல் தொடங்கிய பிளாட்டே நிறுவனமும், அதற்கு முன்பிருந்த ஸ்கீன், ஸ்கோவன் ஆகியோரும் இலங்கைப் படவரலாற்றில் நிற்பது பெயரால். அவர்கள் அட்டையில் என்ன கோலம் இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

அந்த அட்டை வியாபாரியின் இடத்தில் இன்று கன்வாவும் அதுபோன்ற தளங்களும் இருக்கின்றன. 'போட்டோகிராபி லோகோ' என்று தேடினால் நூற்றுக்கணக்கில் வரும். பெயரை மாற்றினால் வேலை முடிந்தது. மருதனார்மடத்தில் ஒருவர் எடுத்த அதே துவாரச் சித்திரத்தை மட்டக்களப்பில் ஒருவரும் மலேசியாவில் ஒருவரும் அதே இரவு எடுத்திருக்கலாம். தன் தளத்திலுள்ள பொதுச் சித்திரங்களையும் வார்ப்புகளையும் வைத்துச் செய்த இலச்சினையை வணிகக் குறியாக ஒருவர் தனக்கே உரிமையாக்க முடியாது என்று கன்வாவே தன் விதிகளில் சொல்லியிருக்கிறது. அதை வாசிக்கத்தான் ஆளில்லை.

இலங்கைச் சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 103 ஆம் பிரிவு, எந்தெந்தக் குறிகளைப் பதிவுசெய்ய முடியாது என்று சொல்லும்போது, ஒரு பொருளின் அல்லது சேவையின் வகையை மட்டும் குறிக்கும் அடையாளத்தையும், அந்தத் தொழிலில் எல்லோரும் வழக்கமாகப் பயன்படுத்தும் அடையாளத்தையும் சேர்த்தே சொல்கிறது. படப்பிடிப்புச் சேவைக்குக் கமரா என்பது இந்த இரண்டுக்குள்ளும் அழகாக விழுகிறது. கமராவோடு ஒரு தனித்துவமான பெயரும் சேர்ந்திருந்தால் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம் பதிந்துகொள்ளக்கூடும். ஆனால் நாளைக்கு ஒருவர் கள்ளமாகப் பாவித்தால் காப்பாற்றப்போவது பெயர், கமரா அல்ல. 'பார்த்தவுடன் தொழில் விளங்கவேண்டும்' என்ற விதியைக் கடைப்பிடித்தவர், சட்டத்தின் கண்ணில் தனக்கென்று எதையும் செய்துகொள்ளாதவர்.

இதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: ஊர்ப் பெயரை மட்டும் தனியே வைத்தாலும் அது எல்லோருக்கும் பொதுவானது. ஆகவே வெறும் 'மருதனார்மடம் ஸ்ரூடியோ' என்று பலகை போட்டால் போதாது. ஊருக்கு முன்னாலோ பின்னாலோ உங்களுக்கே உரிய ஒரு பெயர் வேண்டும். ஆங்கில 'பிக்சல்', 'கிளிக்', 'மெமறீஸ்' எல்லாம் அப்படிப்பட்ட பெயர்கள் இல்லை என்பதைத் தனியே சொல்லவேண்டியதில்லை.

இனி, எழுத்துக்கு வருவோம். பெயரை எழுதினால் மட்டும் இலச்சினை ஆகிவிடுமா என்று கேட்பது நியாயம். பாமினி எழுத்துருவில் தட்டி, நிழல் போட்டு, வானவில் நிறம் ஏற்றினால் ஆகாது. எழுத்தை எழுத்தாகப் பார்க்கத் தெரிந்தால் ஆகும். 'மருதனார்மடம்' என்று எழுதிப் பாருங்கள். எட்டு எழுத்தில் மூன்று 'ம'. மூன்றும் தட்டையான அடியோடு ஒரே தரையில் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டாவதாக வரும் 'ரு' கீழே இறங்குகிறது. மேலே இரண்டு குற்று. இயல்பாகவே ஒரு தாளம் இருக்கிறது. 'ட' என்பது படத்தை அல்பத்தில் பிடித்துவைக்கும் மூலைபோல ஒரு செங்கோணம். 'ப' என்பது மேலே திறந்த ஒரு சட்டம். இவ்வளவு நேரான கோடுகளும் சட்டங்களும் உள்ள எழுத்தை வைத்துக்கொண்டு, படப்பிடிப்பாளர் வெளியில் போய்க் கமரா தேடுவது ஏன்? (உடனே அந்த 'ப'வுக்குள் ஒரு வில்லையைச் செருகப் பார்க்கும் வடிவமைப்பாளரைக் கையைப் பிடித்துத் தடுக்கவேண்டும்.)

தமிழ் எழுத்துக்கு அதற்கே உரிய கண்டங்களும் உண்டு. சுழி மேலே போகும், கொம்பு முன்னால் நிற்கும், உகரம் கீழே இறங்கும். ஆகவே ஒரே அளவுப் பெட்டிக்குள் ஆங்கிலத்தைவிடச் சிறிதாகத்தான் அடங்கும். மெல்லிய கோட்டில் எழுதினால் முதலில் மறைவது குற்று. கைபேசியின் சிறிய வட்டத்தில் குற்றுப் போனால் 'மருதனார்மடம்' 'மருதனாரமடம' ஆகிவிடும். அதனால் தடித்த கோடு, பெரிய குற்று, எழுத்துகளுக்கிடையே தாராளமான வெளி. பத்தடிப் பலகையிலும், அல்பத்தின் தோல் அட்டையில் நிறமே இல்லாமல் அழுத்தும்போதும், ரீசேட்டில் நூலால் தைக்கும்போதும், ஒரே நிறத்தில் தெளிவாக நிற்கவேண்டும். பொன்நிறச் சாய்வும் பளபளப்பும் இந்த மூன்றில் இரண்டில் செத்துவிடும். கோப்பை எந்த அளவுக்கும் பெரிதாக்கக்கூடிய வெக்ரர் வடிவத்திலும், எழுத்துகளை வெளிக்கோடாக மாற்றியும் வாங்கிவைக்கவேண்டும். பாமினியில் தட்டிய பெயரை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குப்பைதான் வரும் என்பது அச்சகம் நடத்துகிற எவருக்கும் தெரியும்.

நல்ல தமிழ் எழுத்துரு இல்லையே என்ற சாட்டும் இனிச் செல்லாது. கொழும்பு மூனியாக் குழுவினர் 'போஸ்ட் நோ பில்ஸ் ஜஃப்னா' என்று யாழ்ப்பாணத்தின் பெயரிலேயே, சுவரில் அச்சுத் தகடு வைத்து அடித்த எழுத்துப்போன்ற ஒரு தமிழ் எழுத்துருவைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டிருக்கிறார்கள். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸின் 'கவிவனர்', பிரியா ரவிச்சந்திரனின் 'கற்றமரான்' ஆகியவையும் இலவசம், தொழிலுக்கும் பயன்படுத்தலாம். இவற்றிலிருந்து தொடங்கி, ஒன்றிரண்டு எழுத்தைக் கையால் திருத்தினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மருதனார்மடத்திலேயே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் நிகழ்த்துகலை, காட்சிகலைகள் பீடம் இருக்கிறது. கோடு தெரிந்த பிள்ளைகளைத் தேடி ஸ்ரூடியோக்காரர் தூரம் போகவேண்டியதில்லை.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பின் பலமான வாதம் வரும். வாடிக்கையாளர்களில் பெரும் பகுதி வெளிநாட்டுக்காரர். ரொறொன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் கலியாணம் செய்ய ஊருக்கு வருகிறார்கள். பதிவு செய்வது இன்ஸ்ரகிராமில். இரண்டாம் தலைமுறைக்குத் தமிழ் வாசிக்க வராது. தமிழ் எழுத்தில் இலச்சினை வைத்தால் அவர்கள் தாண்டிப் போய்விடமாட்டார்களா?

வாதத்தில் உண்மை உண்டு. ஆங்கிலத்தில் பெயரைக் கீழே சிறிதாக வையுங்கள். அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் வாசிக்கத் தெரியாத எழுத்தை அடையாளம் காணமுடியாது என்பது பொய். 1996 இல் கட்டாரில் தொடங்கிய அல் ஜசீரா தொலைக்காட்சியின் இலச்சினை, அதன் பெயரை அரபு எழுத்தணியில் ஒரு துளிபோலச் சுழற்றி எழுதியது. அந்த அலைவரிசையைப் பார்க்கும் கோடிக்கணக்கானவர்களுக்கு ஓர் அரபு எழுத்தும் தெரியாது. இலச்சினையைப் பார்த்த கணத்தில் எந்த அலைவரிசை என்று சொல்வார்கள். அவர்கள் செய்தி நிறுவனம் என்று காட்ட ஒலிவாங்கி வரையவில்லை. மேற்கு நாடுகளுக்குப் போகிறோம் என்று எழுத்தை மாற்றவும் இல்லை. ஸ்காபரோவில் பிறந்த பிள்ளை யாழ்ப்பாணத்துக்கு வந்து கூறைச்சேலை கட்டிப் படம் எடுப்பது, அங்கே கிடைக்காத ஒன்றைத் தேடித்தான். அவளுடைய படத்தின் மூலையில் ஸ்காபரோவிலும் கிடைக்கிற கமராச் சித்திரத்தைப் போடுவதைவிட, அவளுடைய அம்மம்மாவின் எழுத்தில் ஒரு பெயரைப் போடுவது வியாபாரத்துக்கும் நல்லது.

மூலை என்றதும் இன்னொரு வழக்கம் நினைவுக்கு வருகிறது. மணமகளின் சேலைத் தலைப்பிலேயே கால்வாசிப் படத்தை மறைக்கிற அளவுக்கு இலச்சினையைப் பதிப்பவர்கள் இருக்கிறார்கள். களவு போகாமல் இருக்கவாம். களவெடுக்கிறவர் வெட்டி எடுத்துவிட்டுப் போவார். காசு கொடுத்தவர்தான் வாழ்நாள் முழுக்க அந்தச் சித்திரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாணப் படம் கலியாணத்தோடு முடிவதில்லை. நாற்பது வருடம் கழித்து முகம் மட்டும் வெட்டப்பட்டு மரண அறிவித்தலில் வரும், அந்தியேட்டிக் கல்வெட்டின் முதற் பக்கத்தில் வரும்.

பழைய ஸ்ரூடியோக்கள் இதில் நாகரிகமாக நடந்துகொண்டன. அட்டையின் கீழ் ஓரத்தில், சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும்படி, பெயரையும் ஊரையும் அழுத்திவிடுவார்கள். பின்பக்கத்தில் இறப்பர் முத்திரை ஒன்று. இதன் பெறுமதி பிறகுதான் தெரிந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் இடம்பெயர்ந்து வலிகாமமே எழுந்து நடந்தபோது வீடுகளில் விட்டுப்போன அல்பங்கள் எத்தனையோ. கையில் அகப்பட்ட ஒன்றிரண்டு படங்களோடு வன்னிக்கும் கொழும்புக்கும் கடல் கடந்தும் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அந்தப் படங்களைத் திருப்பிப் பார்க்கிறார்கள். யார், எங்கே, எப்போது என்று சொல்ல ஆளில்லாத படத்தில் ஊர்ப் பெயரோடு ஒரு முத்திரை இருந்தால் தேட ஓர் இடம் கிடைக்கிறது. அந்த இடத்தில் வெறும் கமராச் சித்திரம் இருந்திருந்தால், அது ஒரு கமராவால் எடுக்கப்பட்டது என்று மட்டும் தெரிந்திருக்கும்.

கமரா வரையவே கூடாதா என்றால், வரையலாம். கமரா திருத்துகிறவர் வரையட்டும், கமரா விற்கிறவர் வரையட்டும். அவர்களுடைய சரக்கே அதுதான். படப்பிடிப்பாளரின் சரக்கு படம். அதுபோல, கடவுச்சீட்டுப் படத்தை நம்பிக் கடை நடத்துகிறவருக்கும் இலச்சினை பெரிய விடயம் இல்லை. குடிவரவு, குடியகல்வுத் திணைக்களம் அங்கீகரித்த நிலையம்தான் அந்தப் படத்தை எடுத்து இணையவழி அனுப்பலாம். அந்த அங்கீகாரத்தைச் சொல்லும் ஒரு வரி எழுத்து, எந்தச் சித்திரத்தைவிடவும் ஆட்களைக் கூட்டிவரும்.

காசைப் பற்றியும் ஒரு வார்த்தை. விலை கூடிய இலச்சினைதான் தொழிலைத் தூக்கிவிடும் என்ற நம்பிக்கைக்கு நைக்கியின் வரலாறு போதும்: 1971 இல் கரொலின் டேவிட்சன் என்ற மாணவி 35 டொலருக்கு வரைந்த கோடு அது, கொம்பனித் தலைவருக்கு அப்போது அவ்வளவாகப் பிடிக்கவும் இல்லை. அதில் சப்பாத்தும் இல்லை. பிறகு ஓடியவர்கள் அந்தக் கோட்டுக்கு அர்த்தம் கொடுத்தார்கள்.

ஆகவே மருதனார்மடத்தில் கடை திறக்கப்போகிறவரிடம் ஒரு வேண்டுகோள். வடிவமைப்பாளரிடம் போகும்போது கைபேசியில் சேர்த்துவைத்த கமராச் சித்திரங்களைக் காட்டாதீர்கள். உங்கள் பெயரையும் ஊரையும் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுங்கள். முதலில் கறுப்பில் மட்டும், தமிழில் மட்டும் கேளுங்கள். அவர் எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு கமராவோடு திரும்பி வந்தால், கமராவை எடுத்துவிட்டு மறுபடி கொண்டுவரச் சொல்லுங்கள். பொன்நிறத்துக்கும் பளபளப்புக்கும் கேட்கும் மேலதிகக் காசில் இன்னொரு மெமறி காட் வாங்கிக்கொள்ளலாம். கலியாணவீட்டில் அது நிச்சயம் தேவைப்படும்.